நடுகல் கிடைத்த மறுநாள்

வரலாற்று ஆய்வுக் குழு, தொல்லியல் கழகம், மரபு நடைக் குழு என்று பல பெயர்களில் தமிழ்நாட்டின் மாவட்டங்களிலும் சிற்றூர்களிலும் இயங்கிவரும் அன்பர்களுக்கு,



‘ஆயிரம் ஆண்டு பழமையான நடுகல் கண்டெடுப்பு’ என்ற தலைப்பு நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வந்துவிடுகிறது. படமும் அநேகமாக ஒரே மாதிரிதான். நடுவில் மஞ்சள் பூசிய கல், இரண்டு பக்கமும் உங்களில் நான்கைந்து பேர், ஒருவர் கை கல்லின் தலையில். நான் பல ஆண்டுகள் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன். நீங்கள் அனுப்பும் இரண்டு பக்க அறிக்கையைப் பத்து வரிக்குள் அடக்குவது என் வேலை. அடக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கல்வெட்டின் வாசகம். அடுத்தது, ஊருக்கு எந்தப் பக்கம், யாருடைய கொல்லையில் கல் இருக்கிறது என்ற விவரம். எத்தனை முறை வெட்டினாலும் தப்பித்துக்கொள்வது ‘ஆயிரம் ஆண்டு’. நாளிதழின் கணக்கு அப்படித்தான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பத்து வரிதான் அந்தக் கல்லைப் பற்றி உலகத்தில் இருக்கும் ஒரே பதிவு என்று ஆகிவிடும்போது வருத்தப்பட நிறையவே இருக்கிறது. இந்த மடல் செய்தி வெளியான மறுநாளைப் பற்றியது.

குறை சொல்லவே எழுதுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு வரலாற்றில் பெரும் பங்கு, சம்பளத்துக்கு வரலாறு பார்க்காதவர்கள் தேடித் தந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருப்புறம்பியத்தில் 1892-இல் பிறந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பள்ளித் தமிழாசிரியர். பாணாதுறைப் பள்ளியில் பாடம் நடத்திய நேரம் போக, கோயில் சுவர்களைப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ வரை அவரைக் கொண்டுபோனது. திருச்சிராப்பள்ளியில் இரா. கலைக்கோவன் கண் மருத்துவர். தம் தந்தையார் மா. இராசமாணிக்கனார் பெயரில் 1982-இல் அவர் தொடங்கிய வரலாற்று ஆய்வு மையம் பல்லவர் குடைவரைகளையும் சோழர் தளிகளையும் அளந்து, எழுதி, ‘வரலாறு’ என்ற ஆய்விதழாகவும் நூல்களாகவும் அச்சேற்றியது. கொங்கு நாட்டில் புலவர் செ. இராசு செப்பேடு, ஓலை, பட்டயம் என்று கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துப் பதிப்பித்தார். கீழடியில் 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை குழி வெட்டத் தொடங்கியது எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கு முன்பே அந்தப் பக்கத்துப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர், அங்கே கிடைத்த பழம்பொருள்களைப் பார்த்துவிட்டுத் துறைக்குத் தகவல் சொன்னார். நீங்கள் இவர்களுடைய வாரிசுகள். அதனால்தான் கேட்கிறேன்.

செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல், வட்டெழுத்து. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதற்குப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளரைக் கடித்துத் தலைவனுக்குக் காவல் நின்றதாம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயர் என்ன என்று நமக்குத் தெரிகிறதென்றால், அது கல் கிடைத்ததால் மட்டும் அல்ல. 1972-இல் மாநிலத் தொல்லியல் துறை, இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை வெளியிட்டது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது, எந்த ஊர், எந்த அரசனின் எத்தனையாவது யாண்டு என்று ஒவ்வொன்றாக அதில் பதிந்து வைத்தார்கள். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் கோவிவன் இன்று பெயரில்லாத ஏதோ ஒரு நாய்.

உங்கள் குழு இதுவரை கண்டெடுத்தவற்றில் எத்தனைக்கு இப்படி ஒரு பதிவு இருக்கிறது? செய்தி நறுக்குகளை நெகிழி உறையில் போட்டு வரிசையாக வைத்திருப்பீர்கள். கைப்பேசிகளில் படங்கள் இருக்கும், கைப்பேசி மாறும்போது பாதி போயிருக்கும். புலனக் குழுவில் போட்டது எப்போதோ மேலே போய்விட்டது. கல்லின் உயரம், அகலம், கனம், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, புல எண் என்ன, முதலில் காட்டியவர் யார், வரிக்கு வரி வாசகம் என்ன, எந்த எழுத்து ஐயம், எந்த எழுத்து சிதைந்தது என்று ஒரு தாளிலாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? ஐயமான எழுத்தை ஐயம் என்று குறிப்பதற்குத் துணிவு வேண்டும். நிருபர் ‘கடைசியில என்னதான் சொல்லுது சார்?’ என்று கேட்கும்போது, ‘மூன்றாம் வரி தெரியவில்லை’ என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வருவதில்லை. தெரியாத மூன்றாம் வரிக்குள் ஒரு மன்னனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறோம்.

படிக்கும் முறையையும் பேச வேண்டும். எழுத்து தெளியட்டும் என்று சாக்கட்டியைத் தேய்ப்பது, மாவைப் பூசுவது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது எல்லாம் இன்னும் நடக்கின்றன. கல் நமக்குப் பிறகும் இருக்க வேண்டியது. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். இருட்டிய பிறகு போய், கைவிளக்கைப் பக்கவாட்டில், கல்லோடு கல்லாகப் பிடித்துப் பாருங்கள். பகலில் வெறும் பொரிந்த பாறையாகத் தெரிந்தது எழுத்தாக எழுந்து நிற்கும். மைப்படி எடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றும் அந்த வேலையைக் குழுவில் இருவராவது கற்றுக்கொள்ள வேண்டும். கல் போன பிறகும் தாள் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் படியெடுத்த கல்வெட்டுகளில் பலவற்றின் கல் இன்று அந்த இடத்தில் இல்லை. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதே, அந்தத் தாள்களுக்கு வழக்குப் போடும் அளவுக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

அதோடு சேர்ந்தது இன்னொன்று. ‘புதிய கல்வெட்டு’ என்று அறிவிக்கும் முன்பு, அது உண்மையில் புதியதா என்று பார்க்கிறீர்களா? இந்தியக் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சமஸ்தானக் காலத்திலேயே அச்சான கல்வெட்டுத் தொகுப்பு இருக்கிறது. மாநிலத் துறையின் மாவட்ட வரிசைகள் இருக்கின்றன. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் கொண்டுவரும் ‘ஆவணம்’ இதழ் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் ஒருவர் மாட்டு வண்டியில் வந்து படியெடுத்துப் போனதை நாம் மறுபடியும் ‘கண்டுபிடிப்பது’ அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. உண்மையிலேயே புதியதாக இருந்தால் நாளிதழுக்கு முன்பு ‘ஆவணம்’ போன்ற ஓர் இதழுக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் அங்கே திருத்த ஆள் இருக்கிறது. என் செய்தி மேசையில் அப்படி யாரும் இருந்ததில்லை.

ஒரு குழு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை எது என்று யாராவது கேட்டால், நான் நடுகல்லைச் சொல்ல மாட்டேன். ஊர்க் கோயிலுக்குப் பாலாலயம் நடக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே நான்கு பேர் படக்கருவியோடு போய் நிற்பதைச் சொல்வேன். திருப்பணி தொடங்கிவிட்டால் பிறகு கேட்க நேரம் இருக்காது. தளம் உயரும், அதிட்டானத்துக் கல்வெட்டு மண்ணுக்குள் போகும். சுவரில் மணலை வீசித் துப்புரவு செய்தால் எழுத்து மழுங்கும். பிரித்த கல்லைத் திரும்ப வைக்கும்போது எழுத்துப் பக்கம் உள்ளே போகும், இல்லாவிட்டால் முதல் வரிக் கல் ஏழாம் வரி இடத்துக்குப் போகும். திருப்பணி செய்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சாமிக்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகாமல், திருப்பணிக் குழுத் தலைவரையும் ஸ்தபதியையும் பார்த்து, ‘பிரிக்கிறதுக்கு முன்னாடி கல்லுக்கு நம்பர் போட்டுடலாமுங்களா, நாங்களே வந்து போட்டுத் தர்றோம்’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இதற்குச் செய்தித்தாளில் படம் வராது. அழியாமல் போன ஒன்றைப் படம் பிடிக்க யார் வருவார்கள்?

ஏரிகளும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் நீர் வற்றிய பிறகுதான் குமிழித்தூம்பின் கல் முழுதாகத் தெரியும். நட்டுவைத்த இரண்டு கல்தூண், இடையே குறுக்குப் பலகை, அடியில் நீர் புகும் தொட்டி. அந்தத் தூணில் ‘இன்னார் செய்வித்த குமிழி’ என்று வெட்டியிருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் இப்படி நிறைய உண்டு. மன்னர் பெயர் இல்லாத கல்லும் உண்டு. ஊர்க்காரர் ஒருவர் தம் கைப்பொருளைப் போட்டு மதகு கட்டினார் என்பது மட்டும் இருக்கும். எனக்கு அந்தக் கற்கள்மேல் தனிப் பிரியம். தூர் வாரும் இயந்திரம் வருவதற்கு முந்தின வாரம் அங்கே போக வேண்டியது நீங்கள்தான். வேறு யாரும் போக மாட்டார்கள்.

இனி ஊருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு. நீங்கள் ‘கண்டெடுத்த’ கல்லை அந்த ஊர்க் கிழவி தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் வேடியப்பன் என்று கும்பிடுவது பெரும்பாலும் நடுகல்லைத்தான். ஆடு வெட்டி, பொங்கல் வைத்து, எண்ணெய் சாத்தி, அந்தக் கல் இன்றுவரை நிற்பதற்குக் காரணமே அந்தக் கும்பிடு. கும்பிடாத கற்களில் எத்தனை, துவைகல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போயின என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே ‘இது சாமி இல்லை, வெறும் நடுகல்’ என்று போய் நிற்பது அறிவும் இல்லை, நன்றியும் இல்லை. அதே சமயம் எல்லா இடத்திலும் இது சுலபமாக முடிவதில்லை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டு வந்த உருவம் புத்தர்தான் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, இடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவும் உத்தரவிட்டது. வரலாறு என்று பார்த்தால் அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் வருடக்கணக்காக அங்கே கையெடுத்துக் கும்பிட்டவர்களிடம் யார் உட்கார்ந்து பேசியது? தீர்ப்பு அதைச் செய்யாது, துறையின் அறிவிப்புப் பலகையும் செய்யாது. அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த, அந்தத் தேநீர்க் கடையில் உட்காரக்கூடிய ஒருவரால்தான் முடியும். அதாவது உங்களால்.

பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரைப் பக்கம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. மலைகள் கல் குவாரிகளாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 2010-இல், பசுமை நடை என்ற குழு தொடங்கியது. சமணர் மலை, அரிட்டாபட்டி என்று மக்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறைமேல் நின்று தமிழி எழுத்தைப் படித்துச் சொன்னார், குழந்தைகளும் பாட்டிகளும் உட்கார்ந்து கேட்டார்கள். அரிட்டாபட்டி மலையில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது, மகாவீரர் உருவம் இருக்கிறது, பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும் இருக்கிறது. 2022-இல் அது மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தபோது, ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வாழ்வாதாரம், நீர்நிலை, கோயில் என்று பேசியவர்களின் வாயில் கல்வெட்டும் சமணர் படுகையும் தாமாகவே வந்தன. யாரும் எழுதிக் கொடுத்துப் பேசியதில்லை. 2025 சனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வரலாற்றால்தான் மலை தப்பியது என்று சொன்னால் அது மிகை. ஊர் ஒற்றுமைதான் முதல் காரணம். ஆனால் தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஊர், தெரியாத ஊரைவிட உரத்துப் பேச முடிந்தது.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சாதி. கல்வெட்டு கிடைத்ததும் முதல் தொலைபேசி அழைப்பு எங்கிருந்து வருகிறது? ‘அதுல எங்க ஆளுங்க பேரு இருக்குதாமே?’ என்று கேட்டுத்தான் வருகிறது. மாநாட்டுக்கு நன்கொடை அங்கிருந்து வரும், நினைவுப் பரிசும் அங்கிருந்தே வரும். வீரன் ஒருவனின் பெயரில் ஒட்டிய ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நூறு பக்கப் பரம்பரைக் கதை எழுதி வெளியிட்ட குழுக்கள் உண்டு. அது வரலாற்று வேலை அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும் இடத்தில், தீண்டாச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன. இராசராசனின் பெருமை பேசும் எத்தனை கூட்டங்களில் அந்த வரியை வாசித்திருக்கிறீர்கள்? உங்கள் குழுவின் உறுப்பினர் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஊரின் எந்தெந்தத் தெருக்களிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் இல்லை? ஆள் வராத தெருவின் வரலாறு உங்கள் மலரில் இருக்காது. நீங்கள் வேண்டுமென்று விட்டதாக நான் சொல்லவில்லை. அங்கே போய்க் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பெண்கள் விஷயமும் கிட்டத்தட்ட அதுவே. மலைக்கு ஏறும் குழுப் படங்களில் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆண்கள், என்னைப் போன்றவர்கள். தீப்பாய்ந்த அம்மன், வீட்டுக் கன்னி, கிணற்றில் விழுந்த பெண்ணுக்கு வருடா வருடம் வைக்கும் புடவை இவற்றின் பின்னால் இருக்கும் கதைகளை வீட்டுப் பெண்கள்தான் வைத்திருக்கிறார்கள். எந்தக் காலம், எந்தப் பஞ்சம், யார் செய்த கொடுமை என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பின் தெரியாத ஆண் ஒருவர் குறிப்பேட்டோடு வாசலில் நின்றால் எந்த அம்மா அதைச் சொல்வார்? கல்லூரியில் படிக்கும் ஊர்ப் பெண் ஒருத்தி போனால், பாட்டி காப்பி போட்டுக் கொடுத்து மூன்று மணி நேரம் பேசுவார்.

அப்படிப் பேசுபவர்களுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. நடுகல் இன்னும் நூறாண்டு காத்திருக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவில் பத்து வயதாக இருந்த குழந்தைக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் அநேகமாக யாரும் இல்லை. அவர்கள் சொல்லக் கேட்ட மகன்களும் மகள்களும்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். அதுவும் நம் மாவட்டங்களின் வரலாறுதான். சோழர் கல்வெட்டு தேடி அந்தப் பக்கம் போகும் குழு, அந்தக் காலத்தில் கூலி நெல் எவ்வளவு என்று ஒரு முதியவரிடம் கேட்டுப் பதிவு செய்தால் என்ன? பண்ணையாட்கள் ஆவணம், மில் தொழிலாளர் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகம், பழைய திரையரங்கின் நுழைவுச் சீட்டு, ரங்கூன் முத்திரை குத்திய கடிதம், நின்றுபோன பேருந்துத் தடத்தின் கால அட்டவணை என்று எதையும் ‘இது வரலாறா?’ என்று தள்ளாதீர்கள். நம்மில் பலருக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டோடு வரலாறு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான் உங்கள் கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பொருள்களைச் சேர்ப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுக் கடைக்கால் தோண்டும்போது காசுக் குடம் கிடைக்கிறது, திருப்பணியில் செப்புத் திருமேனி வெளிப்படுகிறது. உங்களுக்குத்தான் முதலில் சொல்லி அனுப்புகிறார்கள், நம்பிக்கை அப்படி. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்ததன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம், திருமேனி போன்றவற்றை வைத்திருப்பவர் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். உங்கள் வேலை, கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியரையும் அழைத்து வருவது, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் படமெடுத்துக் குறித்துக்கொள்வது, ஒப்புகைச் சீட்டு வாங்குவது. ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோவது அல்ல. ஆர்வத்தில் செய்தாலும், வெளியே நிற்பவர்களுக்கு அதற்கும் சிலைக் கடத்தலுக்கும் வித்தியாசம் தெரியாது. தவிர, இடத்திலிருந்து பெயர்த்த பொருள் பாதி வாய் இழந்தது. ஊரிலேயே நிற்கக்கூடிய கல் ஊரில் நிற்கட்டும். மழைக்கு ஒரு தகரக் கூரையும் நான்கு வரி அறிவிப்பும் போதும். அந்த நான்கு வரியில் உங்கள் குழுப் பெயரைவிட, கல்லைக் காட்டிய ஆடு மேய்ப்பவரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு அந்தக் கல்லுக்கு ஊரே காவல்.

பள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்து மாணவர்கள் கல்வெட்டு எழுத்தைப் படிக்கப் பழகியதும் தங்கள் பகுதியைத் தாங்களே ஆராய்ந்து எழுதியதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பன்னிரண்டு வயதில் வட்டெழுத்து படித்த பிள்ளை பெரியவனானதும் மருத்துவராகப் போகலாம், லாரி ஓட்டலாம். ஆனால் கல்லை உடைக்க ஒருவன் கடப்பாரையோடு வரும்போது ‘நில்லுண்ணே’ என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் இருக்கும்.

கடைசியாக, உங்கள் சொந்தத் தாள்கள். குழுவை நடத்துகிற மூத்தவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். நாற்பது ஆண்டுக் குறிப்பேடுகள், மைப்படிச் சுருள்கள், படச்சுருள் பெட்டிகள், யாரிடமிருந்தோ வாங்கிய ஓலைக் கட்டு எல்லாம் அவர் வீட்டு மாடி அறையில். அவர் காலமானதும் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வருகிறார்கள், காரியம் முடிகிறது, வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டியிருக்கிறது. பழைய தாள் கடைக்காரர் எடை போடுகிறார். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரிடம் கொடுப்பதென்று அவர்களிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் 1992-இல் அவர் மறைந்த பிறகு தப்பியது, சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால். 1994-இல் அந்தச் சேகரிப்பு சென்னையில் நூலகமாக நின்றது. எல்லார் மாடி அறைக்கும் சிகாகோ வராது.

ஆகவே உங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், சால்வை போடும் நிகழ்ச்சியைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, ஒரு தீர்மானம் போடுங்கள். குழுவின் பதிவுகள் அனைத்துக்கும் இரண்டு படி: ஒன்று மாவட்ட மைய நூலகத்திலோ அருகிலுள்ள கல்லூரியிலோ, ஒன்று அந்தந்த ஊரின் பள்ளியில் அல்லது ஊராட்சி அலுவலகத்தில். மூத்த உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சேகரிப்பு யாருக்குப் போக வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு, வீட்டாருக்கும் ஒரு நகல் கொடுக்கட்டும். வயதில் இளைய இருவரை, ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், இதற்கென்றே பொறுப்பாக்குங்கள். தட்டச்சு செய்ய, பட்டியல் போட ஆள் தேவைப்பட்டால் எழுதுங்கள். வரிகளை வெட்டிப் பழகிய கை, இனி வெட்டாமல் எழுதித் தரும்.

அன்புடன்,
செய்தி மேசையில் இருந்த ஒருவன்